ஊரான் சாவியும் நெஞ்சுச் சுரப்பியும்

என் உடம்பில் முதலில் வேலைநிறுத்தம் செய்தது இடது கண் இமை. காலையில் ஒழுங்காகத் திறந்திருக்கும். மதியச் சாப்பாடு முடிந்ததும் கடைக்காரர் பாதிக் கதவை இறக்குவதுபோல் இறங்கிவிடும். அப்போது மதுவிலக்கு அமலில் இருந்த காலம். ஆனாலும் பாதிக் கண் மூடியவனைப் பார்த்தால் ஊர் என்ன சொல்லும் என்று சொல்லவா வேண்டும்? "சுப்பையா எங்கிட்டோ போட்டுட்டு வாராரு" என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். கள் வாடையே ஆகாத ஆள் நான்.

இப்போது அந்த வியாதி அடங்கியிருக்கிறது. அடங்கியிருக்கும்போதே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இதே வியாதி வந்த ஒருவர் சோம்பேறி, குடிகாரர் என்று பெயர் வாங்கிக்கொண்டு எந்த ஊரிலாவது முடங்கிக் கிடக்கலாம். அவர் வீட்டார் கண்ணில் இது பட்டால் போதும்.

நடந்தது அறுபதுகளின் நடுவில். எனக்கு முப்பத்திரண்டு வயது. திண்டுக்கல்லில் காதர் ராவுத்தர் என்பவரின் பூட்டுப் பட்டறையில் சோதனை மேசை என் பொறுப்பு. பூட்டுச் செய்கிறவர்கள் சுற்றுக் கிராமங்களில் தங்கள் வீட்டிலேயே செய்து எடுத்து வருவார்கள். தேறிய பூட்டுக்குத்தான் கூலி. ஒவ்வொரு பூட்டையும் அதன் சொந்தச் சாவியால் பத்துத் தடவை திறந்து மூடுவேன். திறக்காவிட்டால் கழிவு. திறந்தாலும் வேலை முடியாது. என் இடுப்பு வளையத்தில் ஐந்து வேற்றுச் சாவிகள் இருக்கும். பட்டறையில் அவற்றை ஊரான் சாவி என்போம். ஒவ்வொன்றையும் உள்ளே விட்டு, திருடன் எப்படித் திருகுவானோ அப்படி மணிக்கட்டை அழுத்தித் திருக வேண்டும். ஊரான் சாவிக்குத் திறந்த பூட்டு அப்போதே பட்டறைக்கல்லுக்குப் போகும். செய்தவர் எதிரே நிற்க, நானே சுத்தியலால் உடைப்பேன். பித்தளை மறுபடியும் உலைக்குப் போகும்.

பத்துப் பூட்டு வந்தால் மூன்று நான்கை உடைப்பேன். என்னைப் பார்த்தால் பூட்டுக்காரர்களுக்கு வேப்பங்காய். அவர்களில் ஒருவன் முத்துராசு, என் மனைவி பாக்கியத்தின் தம்பி. அவன் பூட்டையும் உடைப்பேன். "அக்காவைக் குடுத்ததுக்கு இதான் மருவாதியா மச்சான்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போவான்.

இமை இறங்கிய இரண்டு மாதத்தில் ஒன்று இரண்டாகத் தெரிந்தது. பிறகு தாடை. திண்டுக்கல்லில் பிறந்தவன் பிரியாணிக் கடையில் உட்கார்ந்து, நாலு வாய்க்குமேல் மெல்ல முடியாமல் கையால் தாடையை முட்டுக்கொடுத்துத் தூக்குகிறான் என்றால் அந்த அவமானத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சாயங்காலம் பேச்சு மூக்கால் வரும். தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாகத் திரும்பி வரும். விடிந்து எழுந்தால் எல்லாம் சரியாக இருக்கும். அதனால்தான் யாரும் நம்பவில்லை. வைத்தியரிடம் காலையில் போனேன். அவர் பார்த்தபோது நான் பயில்வான். சத்து ஊசி போட்டு அனுப்பினார்.

கையும் தளர்ந்துகொண்டிருந்தது. அதை மட்டும் நான் கவனிக்கவில்லை. முற்பகலில் பூட்டுகள் வழக்கம்போல் கழிந்தன. பிற்பகலில் ஒன்றுகூடக் கழியவில்லை. பயல்கள் பயந்து ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவு பெருமை.

ஒரு நாள் ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி மண்டிக்காரர் ஒருவர் பூட்டோடும் ஒரு வேற்றுச் சாவியோடும் வந்து நின்றார். "ஏனுங்க, பக்கத்து மண்டிக்காரரு சாவியப் போட்டா எங்க மண்டி தொறக்குதுங்க. அவரு நல்லவருங்க, அதனால தப்பிச்சேன்" என்றார். முதலாளி அந்தச் சாவியை வாங்கி ஒரு திருகு திருகினார். திறந்துகொண்டது. பூட்டின் அடியில் முத்துராசு தன் வேலைக்குப் போடும் அடையாளக் குறி இருந்தது. பக்கத்தில் தேறியதற்கு நான் போடும் முத்திரை.

அப்புறம் கேட்க வேண்டுமா? மச்சினன் பூட்டைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட்டேன் என்றார்கள். பூட்டுக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு விட்டேன் என்றும் சொன்னார்கள். முதலாளி எல்லோர் முன்னிலையிலும், "வளையத்தக் கழட்டி வச்சுட்டுப் போ" என்றார். கழற்றி வைக்கக் கையைத் தூக்கினேன்; தூக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் கழற்றினார். அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

ஊருக்குள் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பாக்கியம் என்னைச் சேர்த்தாள். காலையில் அல்ல, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டிப் போனாள். "காலையில போனா இவரு நடிக்கிறாருன்னு சொல்லுவாக. கெட்டுப்போன நேரத்துல பாக்கட்டும்" என்றாள். என் உயிரைக் காப்பாற்றியவர்கள் பலர். முதல் ஆள் அவள்தான்.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு என்னைவிட வயது குறைவு. அவர் என்னை மேலே பார்க்கச் சொல்லி, கூரையைப் பார்த்தபடியே இருக்கச் சொன்னார். ஒரு நிமிடத்தில் இரண்டு இமையும் இறங்கிவிட்டன. நூறு வரைக்கும் எண்ணச் சொன்னார். முப்பதுக்குமேல் நான் எண்ணியது எனக்கே புரியவில்லை. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. என் நிலைமையைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறாரே என்று கோபம் வந்தது. புத்தகத்தில் மட்டும் படித்திருந்த ஒன்றை நேரில் கண்ட சந்தோஷம் அது என்று பிறகுதான் தெரிந்தது.

"மையஸ்தீனியா கிராவிஸ்னு பேரு. அசையச் சொல்லி மூளை நரம்பு வழியா உத்தரவு அனுப்புது. சதை அதை வாங்கிக்கிற இடத்துல தடங்கல். சந்தேகந்தான், நாளைக்கு ஒரு ஊசி போட்டுப் பார்த்தா தெரிஞ்சிரும். அந்த ஊசியில கொஞ்ச நேரம் தடங்கல் விலகும்" என்றார்.

இதைக் கேட்ட பாக்கியம் மறுநாள் நேரே பட்டறைக்குப் போயிருக்கிறாள். முதலாளியின் முன்னால் நின்று, "அந்த ஒட்டன்சத்திரத்துப் பூட்டையும் சாவியையும் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. எம் புருசன் கள்ளனா இல்லையான்னு பாத்துட்டுப் போங்க" என்று சொல்லியிருக்கிறாள். அன்று சாயங்காலமே அவர் வந்துவிட்டார். வெறுங்கையோடு வரக்கூடாதென்று ஆரஞ்சுப் பழமும் வாங்கி வந்திருந்தார்.

டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னோம். "இதைவிட நல்ல சோதனை எங்கிட்ட இல்ல" என்று கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பூட்டை என் மடியில் வைத்தார்கள். பக்கத்து மண்டிக்காரரின் சாவியை விட்டுத் திருகினேன். அசையவில்லை. என் கணக்குப்படி அது நல்ல பூட்டு. முதலாளி அதை வாங்கி இரண்டு விரலால் திருகினார். படக்கென்று திறந்தது.

பிறகு ஊசி. பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. வயிறு லேசாகப் பிசைந்தது, வாயில் எச்சில் ஊறியது. அப்புறம் இமை இரண்டும் மேலே போயின. வார்டில் எதிர்க் கட்டில்காரரின் முகம் ஒற்றை முகமாகத் தெரிந்தது. "பாக்கியம்" என்று கூப்பிட்டேன். மூக்கால் வரவில்லை, என் சொந்தக் குரலில் வந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பூட்டை எடுத்தேன், அதே சாவி, ஒரே திருகு. திறந்தது.

முதலாளி பூட்டை வாங்கி மூடினார். "தப்பாப் பேசிட்டேன்ப்பா" என்றார்.

"பேசினது பட்டறையில, எல்லாரும் கேக்கப் பேசினீக. இதையும் அங்கனயே சொல்லிருங்க" என்றாள் பாக்கியம். அவர் தலையை ஆட்டினார். மறுநாளே சொன்னார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம். இன்னொரு பக்கம், எத்தனை கெட்ட பூட்டை நல்ல பூட்டு என்று முத்திரை குத்தி ஊருக்குள் விட்டிருக்கிறேனோ என்ற கவலை. இரண்டு மணி நேரத்தில் ஊசியின் வேகம் தீர்ந்து இமை பழையபடி இறங்கியது.

மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒன்று. வீட்டில் கடிகாரம் இல்லை. நகராட்சிச் சங்கையும் ரயில் சத்தத்தையும் வைத்தே பாக்கியம் நேரம் பார்த்தாள். மாத்திரை போட்டு அரை மணியில் தொண்டை திறக்கும். அந்த நேரத்துக்குள் சாப்பாடு உள்ளே போய்விட வேண்டும். சோற்றைக் குழைத்து, வெஞ்சனத்தை மசித்து, மதுரை வண்டி கூவியதும் தட்டை நீட்டுவாள். வண்டி தாமதமாக வந்த நாளில் நான் பட்டினி கிடந்ததும் உண்டு. செலவைப் பற்றி எழுதினால் அவள் கோபித்துக்கொள்வாள், விட்டுவிடுகிறேன்.

முத்துராசு தினமும் வந்து சுவரோரம் உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் தானாகவே சொன்னான்: "தப்பு எம்மேலயும் இருக்கு மச்சான். உள்ள தகடு அரத்துல சரியா ராவாமத்தான் கொண்டாந்தேன். நீங்க உடைக்கல. மச்சானே விட்டுட்டாரு, அப்ப சரியாத்தான் இருக்கும்னு அடுத்ததையும் அப்படியே செஞ்சேன்." எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. என் கையை நம்பித்தானே அவன் கெட்டான்.

நாலு மாதம் மாத்திரையில் ஓடியது. பிறகு மாத்திரை கேட்கவில்லை. ஒரு நாள் கஞ்சி தொண்டையில் நின்றுவிட்டது. இருமக்கூட நெஞ்சில் வலு இல்லை. மறுபடி அதே ஆஸ்பத்திரி, அதே கட்டில். இந்த முறை டாக்டரம்மா முகத்தில் சந்தோஷம் இல்லை. மூச்சு விடுவதும் சதையின் வேலைதான், அந்தச் சதையும் தளர ஆரம்பித்துவிட்டது என்றார். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மார்பு எலும்பைப் பிளந்து, அதன் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பியை எடுக்கிறார்கள், எடுத்தவர்களில் சிலருக்கு நன்றாகக் குணம் தெரிகிறது, சிலருக்கு இல்லை, சிலர் அறுவை மேசையிலிருந்தே திரும்புவதில்லை என்று ஒளிக்காமல் சொன்னார்.

"கண்ணு கெட்டதுக்கும் கை கெட்டதுக்கும் நெஞ்சுல உள்ள சுரப்பி என்ன பண்ணுச்சு?" என்று கேட்டேன். நெஞ்சைப் பிளக்கக் கொடுக்கப்போகிறவன் கேட்கத்தானே வேண்டும்.

"உறுதியாத் தெரியாது. வெளிநாட்டுப் பத்திரிகையில வந்ததச் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். "கிருமியோட சண்டை போடுற அணுக்கள் ஒரு வகை அந்தச் சுரப்பியிலதான் வளருது. தினமும் ஏகப்பட்டது பிறக்குது. ஆனா வெளிய வர்றது கொஞ்சந்தான். மிச்சமெல்லாம் உள்ளேயே செத்துப் போயிடுது."

"வியாதியில சாகுதா?"

"இல்ல. அங்க அதுதான் முறை. வெளியிலிருந்து யாரும் வந்து கொல்றதில்ல. வேண்டாம்னு ஆனா அதுவாவே சுருங்கிச் செத்துப்போற ஏற்பாடு அதுக்குள்ளேயே இருக்கும்போல. செத்ததைப் பக்கத்துல உள்ள பெரிய அணு தின்னுரும். வீக்கம் கிடையாது, சீழ் கிடையாது. ஏன் இவ்வளவு சாவுன்னு யோசிக்கிறாங்க. உடம்போட சொந்தச் சதையையே எதிரின்னு பாயுற அணுவ அங்கேயே கழிச்சுக் கட்டுறதுக்குத்தான்னு சில பேர் சொல்றாங்க. உங்களுக்கு அந்தக் கழிவு சரியா நடக்கல, சாக வேண்டியது சாகாம வெளிய வந்துருச்சு, அது உங்க சதையையே தாக்குதுன்னு நான் நினைக்கிறேன். நினைப்புத்தான்."

 சாக வேண்டியது சாகாமல் முத்திரையோடு வெளியே போனால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. என் நெஞ்சுக்குள் ஒரு சோதனை மேசை இருந்திருக்கிறது. அங்கேயும் உடைக்க வேண்டியதை உடைக்காமல் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவர் அன்று நினைப்பு என்று சொன்னதில் பெரும்பகுதி சரி என்று பிற்காலத்தில் செய்தித்தாள்களில் படித்தேன். தானாகச் சாகும் அந்த ஏற்பாட்டுக்கு இப்போது பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருந்தது. "சோதனை போடுறவனையே தூக்கிட்டா, அப்புறம் நல்லதைப் பொறுக்கி யாரு அனுப்புவா?"

டாக்டரம்மா முதன்முறையாகச் சிரித்தார். "நல்ல கேள்வி. பிறந்த எலிக்குட்டிக்கு அதை எடுத்துட்டா நோய் தாங்காமச் செத்துப்போகுதாம். உங்களுக்கு அப்படி இல்ல. சின்ன வயசுலேயே வேண்டியது வெளிய வந்து உடம்பு பூரா நிக்குது. வளந்தவங்களுக்கு எடுத்தாத் தாங்கும்."

கெட்டுப்போன சோதனைக்காரனை மேசையிலிருந்து எழுப்பிவிட்டால் பட்டறை தாங்கும் என்பது எனக்கு நேரில் தெரிந்த விஷயம்தான். கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். காலையில் போட்டேன். சாயங்காலம் என்றால் பேனா நிற்காது.

மதுரைக்குப் போகும்போது சாவு பயம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பாக்கியத்திடம், "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தேன். "ஆனப்புறம் பேசிக்கிருவோம்" என்றாள். ஆனபிறகு எப்படிப் பேசுவது என்று சிரிப்பு வந்தது. சிரிக்க முகத்தில் சதை ஒத்துழைக்கவில்லை. என் சிரிப்பு அப்போது உறுமுவதுபோல் இருக்கும் என்பாள்.

அறுவை நடந்தது தெரியாது. கண் விழித்தபோது நெஞ்சில் பாறாங்கல் கட்டியதுபோல் வலி. தொண்டையில் துளை போட்டு ஒரு குழாய் வைத்திருந்தார்கள். மூச்சை உள்ளே இழுக்கப் பார்த்தேன், வரவில்லை. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஆனால் நெஞ்சு தானாக ஏறி இறங்கியது. குழாயின் முனையில் ஒரு கறுப்பு ரப்பர் பை. அதை அமுக்கி விட்டுக்கொண்டிருந்தது முத்துராசு.

பையை அமுக்க ஆஸ்பத்திரியில் ஆள் போதவில்லை. நர்ஸ்கள் முறைபோட்டு அமுக்கினார்கள். இடையில் கை ஓயாத ஒரு ஆள் வேண்டும் என்றதும் இவன் முன்னால் வந்திருக்கிறான். முதலில் வேகமாக அமுக்கியிருக்கிறான். "உலைக்குத் துருத்தி ஊதுற மாதிரி ஊதாதீங்க, மனுசன் மூச்சு" என்று நர்ஸ் அதட்டினாராம். பிறகு தன் மூச்சைப் பார்த்து, அதன்படி அமுக்கப் பழகிக்கொண்டான். அவன் இழுக்கும்போது நான் இழுத்தேன், அவன் விடும்போது நான் விட்டேன். என்னால் பேச முடியாது. அவன் பேசுவதை நிறுத்தவில்லை. வத்தலக்குண்டு பஸ்ஸில் சண்டை போட்டது, எவனுக்கோ பெண் பார்த்தது, எல்லாக் கதையும் சொன்னான். "செத்த நேரம் கண்ண மூடுங்க மச்சான், நான் இங்கனதான் இருக்கேன்" என்பான். இரண்டு நாள் முழுக்க இப்படி. மூன்றாம் நாள் பை இல்லாமல் நானே ஒரு மூச்சை இழுத்தேன். அவன் விரல்களை மடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டான். நர்ஸ் வந்து அவன் கைக்குத் தைலம் தேய்த்தார்.

சுரப்பி போனதும் மறுநாளே குணமாகும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆகாது. ஏற்கனவே வெளியே போன கெட்ட பூட்டுகள் ஊருக்குள் இருக்கத்தானே செய்யும்? அவை தேய்ந்து ஒழிய நாள் பிடிக்கும். எனக்கு ஒரு வருஷத்துக்குமேல் ஆனது. எட்டு மாத்திரை ஆறாகி, ஆறு மூன்றாகி, ஒன்றானது. தொண்டைத் துளை மூடித் தழும்பானது. முதலாளி ஆள் அனுப்பினார். முற்பகல் மட்டும் மேசையில் உட்கார்ந்தேன். பிற்பகலில் வேறு ஆள். கெட்ட பூட்டு இனி ஒன்றுகூட என் கையால் வெளியே போகக்கூடாது என்று நானே கேட்டு வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. உயிர் வந்துவிட்டது, கை வருமா என்பது மட்டும் தெரியவில்லை.

மாத்திரையை முழுக்க நிறுத்திப் பத்து நாள் ஆகியிருக்கும். அன்று பிற்பகல் சோதனைக்கு வருபவர் வரவில்லை, வரும் பூட்டுகளை வாங்கி வைக்க நான் இருந்துவிட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு முத்துராசு பூட்டுகளோடு வந்தான். நாளைக் காலையில் பார்க்கிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் மேசையில் வைத்துவிட்டு எதிரே நின்றுகொண்டான். சொந்தச் சாவிக்கு முதல் பூட்டு பத்துத் தடவையும் வெண்ணெய் மாதிரித் திறந்தது. ஊரான் சாவிகளில் மூன்றுக்கு அசையவில்லை. என் கை அசைக்கவில்லையா, பூட்டு அசையவில்லையா என்று பயந்துகொண்டே நாலாவதை விட்டுத் திருகினேன். திறந்துகொண்டது.

இரண்டு பேரும் அந்தப் பூட்டைப் பார்த்தோம். எனக்காக இரண்டு நாள் மூச்சு விட்ட கையால் செய்த பூட்டு. அதை அப்படியே மூடி ஓரமாக வைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியதை மறைக்க மாட்டேன். முத்துராசு சுத்தியலை எடுத்து என் பக்கம் நகர்த்தினான். ஒரே அடி. பூட்டு இரண்டாகப் பிளந்து கீழே விழுந்தது.

அவன் உடைந்த துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "மணி ஆறுக்கு மேல ஆச்சு மச்சான்" என்றான். பிறகு துண்டை மடியில் கட்டிக்கொண்டு, கூலிக்குக்கூட நிற்காமல், அக்காவிடம் காட்ட ஓடினான்.